கேமிங்கா சார், எடிட்டிங்கா?

சென்னைக்காரர்கள் சனி, ஞாயிறில் புதுச்சேரிக்கு எதற்கு வருகிறார்கள் என்பது உலகறிந்த ரகசியம். அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்த்திசையில், கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவைத் தேடிப் போன புதுச்சேரிக்காரன் நான். அவர்கள் வருவது பாட்டிலுக்கு. நான் போனது பாட்டுக்கு. இதில் லாபம் அவர்களுக்குத்தான். மது ஜி.எஸ்.டி.க்குள் அகப்படாமல் தப்பித்துவிட்டதால் எங்கள் ஊரில் பாட்டில் மலிவு. மதர்போர்டுக்கோ இங்கேயும் 18 சதவீதம், அங்கேயும் 18 சதவீதம். பிறகு ஏன் 150 கிலோமீட்டர் போக வேண்டும்? உள்ளூர்க் கடையில் இருப்பது மட்டும்தான் கிடைக்கும். ரிச்சி தெருவில் இல்லாததும் கிடைக்கும்.

இந்தப் பாட்டு ஆசைக்குக் காரணம் ஜூன் 21. அன்று எங்கள் ஊர்த் தெருக்களில் 'ஃபெத் த லா முசிக்' நடக்கும். பிரான்சில் 1982இல் தொடங்கிய இசைத் திருநாள். யார் வேண்டுமானாலும் தெருவில் வாசிக்கலாம் என்பது அதன் விதி. அந்த விதியை எழுதியவர்கள் என் வாசிப்பைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. எனக்கே அது தெரியும் என்பதால் தெரு வேண்டாம், முத்தியால்பேட்டை வீட்டு மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் இசையமைக்கிறேன் என்றேன். "கதவைச் சாத்திக்கிறதுன்னா சரிங்க" என்று வீட்டில் உடனே அனுமதி கிடைத்தது.

கடையில் கேட்ட முதல் கேள்வி: "கேமிங்கா சார், எடிட்டிங்கா?" மனித குலத்தை அவர்கள் இந்த இரண்டாகத்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். "பாட்டுக்கு" என்றேன். "பாட்டு கேக்க எதுக்கு சார் புது போர்டு? பழசே பாடுமே" என்றான் பையன். "கேக்க இல்ல தம்பி, போட." அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, "அண்ணே, கேமிங் போர்டு ஒண்ணு எடுங்க" என்று குரல் கொடுத்தான்.

வந்தது ஒரு பெட்டி. அதன் மேல் டிராகன். ஆசுஸ், எம்.எஸ்.ஐ., கிகாபைட், ஆஸ்ராக் என்று நம் கடைகளில் அடுக்கியிருக்கும் போர்டுகள் நான்குமே தைவான் கம்பெனிகளுடையவை. நான்கும் யாரோ ஒரு இருபது வயதுப் பையன் இருட்டறையில் சுட்டுக்கொண்டிருப்பதாக எண்ணியே போர்டு செய்கின்றன. ஓரமெல்லாம் நிறம் மாறும் விளக்கு. மார்கழியில் பெருமாளுக்குக்கூட இவ்வளவு அலங்காரம் பார்த்ததில்லை. "சவுண்டுக்குன்னு தனியா தங்கக் கலர் கெபாசிட்டர் இருக்கு சார், ஜப்பான் சரக்கு" என்றான் பையன். பக்கத்திலேயே சின்னதாக நண்டு முத்திரையோடு ரியல்டெக் சிப். நண்டைப் பார்த்தால் விலை கேட்பது எங்கள் ஊர்ப் பழக்கம். கேட்டேன். வைத்துவிட்டேன்.

உண்மை என்னவென்றால், அந்தத் தங்கமும் நண்டும் வீட்டில் இசையமைப்பவனுக்குத் தேவையே இல்லை. மைக், கிட்டார், ஹெட்போன் எல்லாம் போய்ச் சேருவது யு.எஸ்.பி.யில் மாட்டும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற வெளிப்பெட்டிக்கு. போர்டில் உள்ள ஒலிப்பகுதி அந்தப் பெட்டி வந்த அன்றே ஓய்வு பெற்றுவிடுகிறது. ஆனால் விலையில் அதுவும் சேர்ந்துதான் இருக்கிறது.

போர்டிடம் நமக்கு வேண்டியது வேறு. கம்ப்யூட்டர் ஒலியைத் துண்டு துண்டாகத்தான் அனுப்புகிறது. ஒரு துண்டுக்கு பஃபர் என்று பெயர். நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் பஃபரை 128 என்று வைத்தால், அடுத்த துண்டு தயாராக 2.7 மில்லி செகண்ட்கூட முழுதாகக் கிடையாது. அதற்குள் ஆகவில்லையா, 'டப்' என்று ஒரு சத்தம். பயந்துபோய் 1,024 என்று வைத்தால் டப் நின்றுவிடும். ஆனால் கட்டையை அழுத்தி 21 மில்லி செகண்ட் கழித்துத்தான் சுரம் பிறக்கும். அந்த நேரத்தில் ஒலி ஏழு மீட்டர் போய்விடும். நான் மாடியில் வாசிக்க, பியானோ எதிர்வீட்டுத் திண்ணையில் இருக்கிற மாதிரி.

டப்புக்கு யார் காரணம்? பல நேரம் பிராசசர் அல்ல, வைஃபை, புளூடூத், கிராபிக்ஸ் ஆகியவற்றின் டிரைவர்கள். ஒரு பக்கம் நான் மோகனத்தில் இழைந்துகொண்டிருக்க, வைஃபை சிப் 'தெருவில் புது நெட்வொர்க் ஏதாவது வந்திருக்கிறதா' என்று எட்டிப் பார்க்கும். அது பிராசசரைப் பிடித்துவைக்கும் அந்த இமைப்பொழுதில் மோகனத்தில் ஓட்டை விழும். லேட்டன்சிமான் என்றொரு மென்பொருள், எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிடித்துவைத்தது என்று பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கிறது. இதனால் எங்கள் இனத்தவர் வைஃபை உள்ள போர்டைக் கூடுதல் காசுக்கு வாங்கி, முதல் வேலையாக பயாஸில் போய் வைஃபையை அணைக்கிறார்கள். அது இல்லாத போர்டு விலை குறைவு என்று சொன்னால் கடைக்காரர் உங்களை நம்பாத பார்வை பார்ப்பார்.

2019இல் வந்த எக்ஸ்570 போர்டுகள் பெரும்பாலானவற்றில் சிப்செட்டுக்கென்றே ஒரு குட்டி விசிறி இருந்தது. விளையாடுகிறவனுக்கு அது கேட்காது. மைக்குக்குக் கேட்கும். எம்.2 துளையில் எஸ்.எஸ்.டி. மாட்டினால் சில போர்டுகளில் ஒரு சாட்டா துளை செத்துவிடும். கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ராம் ஸ்லாட் மட்டும் நான்கு இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். வயலின் கூட்டத்தின் ஒலிப்பதிவுகளெல்லாம் ராமில்தான் வந்து உட்காரும். டி.டி.ஆர்.5இல் நான்கையும் நிரப்பினால் வேகம் குறையும். குறையட்டும், இசைக்காரனுக்கு வேகத்தைவிட இடம் முக்கியம்.

1985இல் இந்தத் தொல்லை கிடையாது. அட்டாரி எஸ்.டி. கம்ப்யூட்டரின் உடம்பிலேயே இசைக்கருவியை நேரே மாட்ட மிடி துளைகள் இருந்தன. 512 கிலோபைட் நினைவகம். வாங்கினோமா, வாசித்தோமா என்று இருந்தார்கள். பிரான்சில் இருக்கும் சித்தப்பா இன்றும் அந்தக் கட்சி. "மேக் வாங்குடா, அதுல போர்டு பாக்கவே வேணாம்" என்று போனில் சொல்லிவிட்டு, மேக்குக்குப் பதிலாக ஒரு பிரெஞ்சு கீபோர்டு கொடுத்தனுப்பினார். அதில் இசட் இருக்கும் இடம் நம் டபிள்யூவின் இடம். செய்ததை ரத்து செய்யலாம் என்று கன்ட்ரோலோடு இசட் அழுத்தினால், டபிள்யூ என்று எடுத்துக்கொண்டு ஜன்னலையே மூடுகிறது. பிரெஞ்சு ஆட்சி போய் இத்தனை ஆண்டாகியும் இப்படி ஓர் ஆக்கிரமிப்பு.

கடைசியில் வாங்கியது பி வரிசை சிப்செட், மைக்ரோ ஏ.டி.எக்ஸ்., விளக்கு கிடையாது, டிராகன் கிடையாது. பில் போடும்போது பையன் குரலைத் தாழ்த்தி, "கடல் காத்து ஊரு சார். ஆன் ஆகலன்னா பதறாதீங்க, ராமைக் கழட்டி ரப்பர் வச்சுத் தேய்ச்சுப் போடுங்க" என்றான். அன்று முழுக்கக் கிடைத்த அறிவுரைகளில் காசு வாங்காமல் சொன்னது இது ஒன்றுதான், பலித்ததும் இதுதான்.

எல்லாம் பூட்டி ஸ்பீக்கரைப் போட்டால் 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைச் சுருதி இரண்டு ஸ்தாயி கீழே இறங்கினால் 49 ஹெர்ட்ஸ். ஆக, ஐந்து கட்டையைவிடக் கொஞ்சம் தூக்கலாக ஒரு தம்புரா, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம். கேபினட்டைத் தொட்டால் விரலில் சுறுசுறு. எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயின்ட்டைக் கழற்றினார். "மூணாவது ஓட்டை சும்மா அழகுக்குத்தான் சார் இருக்கு. ஒயரே இல்ல." தாத்தா காலத்து வீடு, எர்த் என்ற சமாசாரம் அதன் வாசற்படியே ஏறியதில்லை. தோட்டத்தில் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டினோம். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, உப்பைக் காசு கொடுத்து வாங்கினோம். தம்புரா நின்றது.

இசைக்கென்று கம்ப்யூட்டர் கட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த மூன்றாவது ஓட்டைக்குள் ஒயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரிச்சி தெரு அப்புறம். அங்கே போனால் இருப்பதிலேயே விளக்கு குறைந்த போர்டாகக் கேளுங்கள். கேமிங்கா, எடிட்டிங்கா என்று கேட்டால், ஆபீஸுக்கு என்று சொல்லிவிடுங்கள்.