புழங்காத பணப்புழக்கம்

2024 மார்ச் முடிவில் சீனாவின் மொத்தப் பணப்புழக்கம் (வங்கி டெபாசிட்டும் சேர்த்து) 304 லட்சம் கோடி யுவானைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டு நாடே சேர்ந்து உழைத்துச் செய்த உள்நாட்டு உற்பத்தி 126 லட்சம் கோடி. ஒரு யுவான் உற்பத்திக்கு ஏறக்குறைய இரண்டரை யுவான் பணம்! பாடப்புத்தகப்படி, பெய்ஜிங்கில் முட்டைக்கோஸ் வாங்கவே மூட்டை கட்டிக் காசு கொண்டுபோக வேண்டும். 2023இல் அங்கே விலைவாசி ஏறியதோ வெறும் 0.2 சதவீதம்.

அப்படியானால் பணம் எங்கே போனது? எங்கும் போகவில்லை, அதுதான் விசேஷம். வீட்டு விலை சரியச் சரிய, சாமானியர் கையில் இருந்ததை வங்கியில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார். வங்கியால் சும்மா இருக்க முடியுமா? காலாண்டு முடிகிறது, கடன் இலக்கு எட்டவில்லை. கடனே தேவைப்படாத பெரிய கம்பெனியாகப் பார்த்து மேலாளர் போய் நிற்கிறார்: "வட்டி குறைச்சல்தான், வாங்கிக்கங்க சார். செலவு பண்ண வேண்டாம், இங்கேயே டெபாசிட்டில் போட்டுடுங்க. வரம்புக்கு மேலே கொஞ்சம் வட்டி சேர்த்துத் தர்றோம்."

அதே பணம் ஏட்டில் ஒரு பக்கம் கடன் சாதனை, மறுபக்கம் டெபாசிட் சாதனை. செங்கல் ஒன்றுகூட நகரவில்லை. (நம் ஊர் மார்ச் மாதக் கணக்கு முடிப்பைப் பார்த்தவர்கள் சிரிக்க வேண்டாம்.)

ஏப்ரலில் அந்த உபரி வட்டிக்குத் தடை வந்தது. அந்த ஒரே மாதத்தில் பணப்புழக்கம் 3 லட்சம் கோடி யுவானுக்கு மேல் இளைத்தது. வேறு காரணங்களும் உண்டு என்கிறார்கள், இருக்கட்டும்.