குடோனுக்குள் ஒரு குறுக்குச் சந்து

கேள்வி: மளிகை மொத்த வியாபாரம். ஆர்டர் எடுக்கும் பையன்கள் குடோனுக்குள் நடந்தே களைத்துவிடுகிறார்கள். ஆள் கூட்டலாமா? (வாசகர், ராபர்ட்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.)

பதில்: ஆளைக் கூட்டாதீர்கள், நடையைக் குறையுங்கள்! சரக்கு எடுப்பவரின் நேரத்தில் பெரும்பகுதி நடைக்கே போகிறது. நீண்ட ரேக் வரிசைகளை நடுவில் வெட்டி ஒரு குறுக்குச் சந்து விடுங்கள். இரண்டு பாக்கெட் சீயக்காய்க்காகக் கடைக்கோடிவரை போய்ச் சுற்றி வர வேண்டியதில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான உங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்திலும், செங்குத்துக் குழியிலிருந்து குறுக்கு வழி வெட்டித்தானே தங்கப் பாறையை எட்டினார்கள்! ஆனால் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள்; ஒவ்வொரு சந்தும் ரேக் இடத்தைத் தின்னும். தினமும் போகும் பருப்பு, எண்ணெய், சோப்பு வாசலருகே, இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். அவற்றையும் ஒரே சந்தில் குவித்தால், எதிரெதிரே வரும் இரண்டு தள்ளுவண்டிகளுக்கு நீங்கள்தான் பஞ்சாயத்து பேச வேண்டும்.