கிருமியே துணை

கேள்வி: பூமியைப் பிடிக்க வரும் வேற்றுக்கிரகவாசிகள் படம் முடிவதற்குள் தோற்றுவிடுகிறார்களே, எப்படி?
(வாசகர், பல்லேபொல)

பதில்: பெரும்பாலும் அற்பக் காரணத்தால்தான். எச்.ஜி.வெல்ஸ் 1898இல் புத்தகமாக்கிய 'உலகங்களின் போர்' கதையில், பீரங்கிக்கே மசியாத செவ்வாய்க்காரர்கள் நம்மூர்க் கிருமி தொற்றிச் செத்தார்கள். 1953இலும் 2005இலும் படமானபோதும் அதே சாவுதான். 1996இல் 'இண்டிபெண்டன்ஸ் டே' அந்தக் கிருமியைக் கணினிக்குள் விட்டது. என் கணினி பக்கத்திலிருக்கும் பிரிண்டரோடு பேசவே மறுக்கிறது. படத்து நாயகர்களுடையது அன்னியக் கப்பலோடு எப்படிப் பேசியதோ! 'சைன்ஸ்' (2002) ஆட்களுக்குத் தண்ணீர் பட்டால் வெந்துவிடும். மாத்தளைப் பக்கம் மாரி மழையில் இறங்கியிருந்தால் இடைவேளைக்கு முன்பே படம் முடிந்திருக்கும்.

நம்மவர்கள் 1963லேயே 'கலை அரசி' எடுத்துவிட்டார்கள். அதில் வந்தவர்களுக்குப் பூமி வேண்டாம், பாட்டு வாத்தியார்தான் வேண்டும். பானுமதியைத் தூக்கிப் போனார்கள். எம்.ஜி.ஆர். போய் மீட்டு வந்தார். கிருமிக்கு அங்கே வேலையே இல்லை.

வெல்ஸின் கதையோ உங்கள் பக்கத்து ஊரில் அவருக்கு முன்பே நடந்தது. 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டிக்குள் புகுந்தார்கள். காய்ச்சல் படையைப் பாயில் கிடத்தியது. ஜூனில் அந்தப் படையின் தலைவர் மேஜர் டேவி சரணடைந்தார். ஆனால் 'இண்டிபெண்டன்ஸ் டே'க்கு இரண்டாம் பாகம் வர 20 வருடம் பிடித்தது. ஆங்கிலேயர் கண்டியைப் பிடிக்கும் தங்கள் இரண்டாம் பாகத்தை 1815லேயே எடுத்துவிட்டார்கள், அதுவும் உள்ளூர்ப் பிரதானிகளையே நடிக்க வைத்து.