வானத்தைப் பார்த்து எய்தால் கொடி அருகே விழும்

கேள்வி: பலகையை விட்டுவிட்டுத் தரையைக் குறிவைத்து அம்பு விடும் போட்டியும் உண்டாமே? எய்த அம்பு எப்படியும் தரையில்தானே விழும், இதில் என்ன திறமை?
– ஒரு வாசகி, தேனி

பதில்: விழுவது நிச்சயம், எங்கே விழுகிறது என்பதில்தான் திறமை! ‘கிளவுட்’ என்னும் இந்தப் போட்டி இங்கிலாந்தில் நெடுங்காலமாக நடக்கிறது. ஒலிம்பிக்கில் இலக்கு 70 மீட்டரில் நிற்கும். உலக வில்வித்தைச் சம்மேளன விதிப்படி இங்கே ஆண்களுக்கு 165 மீட்டர், பெண்களுக்கு 125 மீட்டர். அங்கே தரையில் நட்ட சிறு கொடிதான் மையம். அதைச் சுற்றி 15 மீட்டர் விட்டமுள்ள வட்டம், அதற்குள் ஐந்து வளையங்கள். கொடியை ஒட்டிய வளையத்துக்கு 5 புள்ளி, கடைசிக்கு 1.

கொடியை நேராகக் குறிவைத்தால் அம்பு பாதி வழியில் படுத்துவிடும். வானத்தை நோக்கி வில்லை உயர்த்தி, காற்றையும் கணக்கிட்டு எய்ய வேண்டும். பிறகு கொடிக்கம்பத்தில் கட்டிய அளவுக் கயிற்றை இழுத்துப் பிடித்துச் சுற்றி வருவார்கள். அம்பு மண்ணில் நுழைந்த இடம் எந்த வளையமோ, அந்தப் புள்ளி.

இது போர்ப் பயிற்சியின் வாரிசு. 1346-இல் கிரெஸ்ஸியிலும் 1415-இல் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சுப் படை மீது அம்பு மழை பொழிந்தது ஆங்கிலேய நெடுவில். எட்டாம் ஹென்றி காலச் சட்டம், 24 வயது கடந்தவர்கள் 220 கஜத்துக்குக் குறைந்த இலக்கில் எய்யக் கூடாது என்றே தடுத்தது.

ஆகவே, தரையில் விழுந்த அம்பை இளக்காரமாக எண்ணாதீர்கள். வில்வித்தையில் மிகக் கடினமான கணக்குகளில் இதுவும் ஒன்று!