செல்பியில் இருப்பவர்

"பெரிசாக்குங்க தம்பி... இன்னும் கொஞ்சம்... ஆங், போதும். இந்த வெள்ளைச் சட்டைக்குப் பின்னாடி தெரியுதே, அது நான்தான்."

நெய்வேலியில் எந்த வட்டத்து டீக்கடையில் உட்கார்ந்தாலும் இவரிடமிருந்து தப்ப முடியாது. படம் எதுவென்று சொல்லவும் வேண்டாம். 2020 பிப்ரவரியில் சுரங்கத்தில் 'மாஸ்டர்' படப்பிடிப்பு நடந்தது. 5ஆம் தேதி வருமான வரித்துறையினர் வந்து நடிகர் விஜயைச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். அவர் திரும்பி வந்தால் ஒருபக்கம் படப்பிடிப்புக்கு எதிர்ப்புப் போராட்டம், மறுபக்கம் ரசிகர் கூட்டம். 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வேன் மேல் ஏறி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு செல்பி எடுத்தார். மறுநாள் நெய்வேலிக்கு நன்றி சொல்லி ட்விட்டரில் போட்டார். அந்த வருஷம் இந்தியாவிலேயே அதிகம் ரீட்வீட் ஆனது அதுதான். போனஸ் கேட்டுக் கூட்டம் கூடிப் பார்த்த ஊர் இது; சும்மா சிரிப்பதற்காக ஊரே கூடியது அந்த ஒரு வாரம்தான்.

அந்த வாரம் நம்மவருக்கு இன்னும் முடியவில்லை.

தன் போனை எடுக்கவே மாட்டார். "நம்மகிட்ட நெட்டு தீந்துபோச்சு" என்று நம்முடையதைத்தான் வாங்குவார். விரல்களை விரித்து விரித்து, முகங்களெல்லாம் உடைந்து பழுப்பு நிலக்கரிக் கட்டிகளாகத் தெரியும்வரை கொண்டுபோவார். அதில் ஒரு கட்டியைத் தொட்டு, "மீசை தெரியுதா?" என்பார். தொலையட்டும் என்று "தெரியுது சார்" என்றால், "அன்னிக்கு நான் மீசை எடுத்திருந்தேனே!" என்று முறைப்பார்.

இதில் வேடிக்கை, அந்தப் புள்ளி ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆரம்பத்தில் இடது மூலையில் இருந்தது. பிறகு நடுவுக்கு வந்தது. இப்போது வேனிலிருந்து இரண்டாவது வரிசை. இந்த வேகத்தில் போனால் அடுத்த பொங்கலுக்குள் வேன் மேல் ஏறிவிடுவார்.

பரம்பரை வாகும் உண்டு. 1935-ல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்து நெய்வேலி நிலக்கரி தெரியவந்ததே, அப்போது பக்கத்தில் நின்றது இவருடைய தாத்தாவாம். அதை விடுங்கள்.

சர்வீஸ் முழுக்க முதலாம் அனல் மின் நிலையத்தில் இருந்தவர். சோவியத் உதவியில் கட்டி 1962-ல் ஓடத் தொடங்கிய நிலையம், 600 மெகாவாட். அதையும் அதே 2020-ல்தான் நிறுத்தினார்கள். பாய்லர் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று கூட வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டேன். "மூடிட்டாங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்துவிட்டு, "போனைக் குடுங்க" என்று கை நீட்டினார். கொடுத்தேன்.

கொடுத்திருக்கக் கூடாது. படத்தைத் தள்ளித் தள்ளி என் பேங்க் மெசேஜ்வரை போய், "இவ்ளோதான் பேலன்ஸா?" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கேட்கிற மனுஷர். மெயின் பஜாரில் காய் வாங்க நின்றால் வரிசையை நிறுத்திவிட்டுப் படம் காட்டுகிறார். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புகிறார். பார்த்தும் பதில் போடவில்லையென்றால் போன் அடித்து, "வந்துச்சா?" என்கிறார். எங்களுக்கும் காலையில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் உண்டு சார்.

போன வாரம் எதிர் பெஞ்சில் இருந்த இன்னொரு பெரியவர் எட்டிப் பார்த்தார். "அது நான்ல?"

"நீ எங்க வந்த? அன்னிக்கு நீ செகண்ட் ஷிப்ட்டு!"

"ஞாயித்துக்கிழம எனக்கு வீக்லி ஆஃப்!"

சட்டைக் கலர், செருப்பு, நின்ற இடம் எல்லாம் விசாரணைக்கு வந்தன. போன் இருவர் கையிலும் மாறி மாறிப் பறந்தது. சார்ஜ் நாலு பர்சென்ட். சத்தம் தாங்காமல் டீ மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, போனை வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் கம்முனு டீயக் குடிங்க. அது எங்க வூட்டுக்காரி."