ஆண்டிலக்கும் இடைகழியும்: கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் முற்றுப்பெறாத நாவல்கள் குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எழுதப்படாத நாவல்களின் எண்ணிக்கை சட்டென்று கூடிவிடுகிறது. புது டைரியின் முதல் பக்கத்தில், "இந்த வருஷம்: ஒரு நாவல், ஒரு கவிதைத் தொகுப்பு, மாசம் ஒரு சிறுகதை" என்று எழுதி அடிக்கோடும் இடப்படுகிறது. பல வேளைகளில் அந்த ஆண்டின் மொத்தப் படைப்பும் அந்த ஒரு வரிதான். அவ்வரியை இக்கட்டுரை 'ஆண்டிலக்கு' என வழங்கும்.

ஆய்வின் நில எல்லை: மேற்கே கல்வராயன் மலை, கிழக்கே உளுந்தூர்பேட்டை, வடக்கே தென்பெண்ணைக் கரைத் திருக்கோவிலூர், இவற்றுக்கு நடுவே கோமுகி பாயும் சமவெளி. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டோர்: அரசுப் பள்ளி ஆசிரியர்கள், அரிசி ஆலைக் கணக்கர்கள், கூட்டுறவுச் சங்க ஊழியர்கள், கரும்பு போட்டவர்கள் ஆகியோரில், 'இவர் ஒருநாள் எழுதிவிடுவார்' என்று ஊர் நம்புகிறவர்கள். ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டவர்கள், ஆய்வின் தூய்மை கருதி விலக்கப்பட்டனர்.

2. முன்னாய்வுகள்

இப்பொருள் பிறநாட்டாரால் முற்றிலும் கவனிக்கப்படாமல் போனது என்று கூறுவதற்கில்லை. 1979இல் கானமன், ட்வெர்ஸ்கி என்னும் இரு உளவியலாளர்கள், ஒரு வேலை முடிய ஆகும் காலத்தை மனிதர் குறைத்தே கணிப்பர் என்று கூறி அதற்குத் திட்டமிடல் பிழை எனப் பெயரிட்டனர். 1994இல் புய்லர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டனர். சராசரியாக 33.9 நாள் என்றார்கள், ஆனதோ 55.5 நாள். இம்முடிவு நம் வட்டாரத்துக்கு ஒரு பயனும் தராது. என்னை? அந்த மாணவர்கள் கடைசியில் முடித்துவிட்டார்கள்.

1927இல் புளூமா சைகார்னிக் என்னும் அம்மையார், முடித்த வேலையைவிட முடிக்காத வேலையே நினைவில் நிற்கும் என்று காட்டினார். இது நம் களத்தில் நூற்றுக்கு நூறு பொருந்துகிறது. அச்சாகி வந்த சிறுகதையின் முடிவைக் கேட்டால் எழுதியவரே சற்று யோசிக்கிறார். எழுதாத நாவலை மட்டும் துருகம் சாலை டீக்கடையில், டீ ஆறுவது தெரியாமல், மூன்று தலைமுறை வம்சாவளியோடு சொல்கிறார்.

அமெரிக்காவில் 1999இல் 21 பேர் கூடி ஒரே மாதத்தில் நாவல் எழுதும் வழக்கத்தைத் தொடங்கினர். பின்னர் அது நவம்பர் மாதத்து 30 நாளில் 50,000 சொல் என்று உலகெங்கும் பரவியது. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டது. எதையும் முடித்துவைக்கக் கற்றுத்தந்த அமைப்பு தன்னையும் முடித்துக்கொண்டதில் கொள்கை முரண் ஏதுமில்லை.

3. ஆண்டிலக்கின் வகைகள்

ஆண்டிலக்கு நால்வகைப்படும்.

முதலாவது எண்வகை. பக்கக் கணக்கால் ஆனது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஆக 365 பக்கம் என்று பெருக்கிப் பார்த்ததுமே நாவல் முடிந்த நிறைவு உண்டாகிவிடும். அந்த நிறைவைக் கெடுத்துக்கொள்ள யாரும் விரும்புவதில்லை.

இரண்டாவது தாள்வகை. லாங் சைஸ் நோட்டு, ஜெல் பேனா, மேசை விளக்கு ஆகியவற்றை வாங்குவதோடு வினை முற்றும். நோட்டின் பின்பக்கம் பின்னாளில் பால் கணக்கு எழுதப் பயன்படுவதால் இவ்வகையைப் பயனற்றது என்று தள்ள முடியாது.

மூன்றாவது முகப்புவகை. தலைப்பு, சமர்ப்பணம், நன்றியுரை, அட்டைப்படத்துக்கான யோசனை எல்லாம் தயார். சில இடங்களில் முன்னுரைக்கும் பெரியவர் ஒருவரிடம் சொல்லி வைத்தாகிவிட்டது. இடையில் நாவல் மட்டும் பாக்கி.

நான்காவது மலைவகை. "வெள்ளிமலையில போயி பத்து நாள் உக்காந்தா முடிச்சிருவேன் சார்" என்பது இதன் இலக்கணம். இதன் செல்வாக்கு நோக்கித் தனித் தலைப்பில் ஆராயப்படும்.

4. வாழ்க்கை வட்டம்

தை மாதத்தில் ஆண்டிலக்கு நல்ல உடல்நலத்தோடு இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் முதல் பத்தி எழுதப்படுகிறது. மாசியில் அந்தப் பத்தி திருத்தப்படுகிறது. பங்குனியில் பொதுத்தேர்வு வந்து ஆசிரியர்களைக் கொண்டுபோகிறது, சித்திரையில் விடைத்தாள். கரும்பு போட்டவருக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரும்வரை மனம் ஓடாது, வந்தபின் கை ஓயாது. வைகாசியில் கல்யாணங்கள். ஆடியில் கல்யாணம் இல்லையே என்றால், அதற்குத்தான் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்கள். ஆவணியில் விட்ட கல்யாணங்கள் தொடர்கின்றன. ஐப்பசியில் தீபாவளியும் மழையும். கார்த்திகையில் முதல் பத்தி மறுபடியும் வாசிக்கப்பட்டு, 'நடை பழசாயிடுச்சு' என்று கண்டறியப்படுகிறது. மார்கழிக் குளிரில் புதிய டைரி வருகிறது.

இதனால் ஆண்டிலக்கு அந்தாதி வகையைச் சேர்ந்தது என்பது பெறப்படும். ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக வருதல் அந்தாதி. டிசம்பர் 31இல் எது எஞ்சி நிற்கிறதோ அதுவே ஜனவரி 1இல் முதலாக நிற்கிறது. இங்ஙனம் ஒரே நாவலைப் பல்லாண்டு மண்டலித்துப் பாடியவர்கள் நம் மாவட்டத்தில் உளர்.

இதனை மறுதாம்பு என்பாரும் உளர். வெட்டிய கரும்பின் கட்டை மறுபடி துளிர்ப்பது போல, சென்ற ஆண்டின் இலக்கும் துளிர்க்கிறது என்பது அவர்கள் வாதம். அது பொருந்தாது. மறுதாம்பு வருவதற்கு முன் ஒரு வெட்டாவது நடந்திருக்க வேண்டும்.

5. மலையேற்றக் கருதுகோள்

தனிமையும் குளிர்ச்சியும் இருந்தால் எழுத்து ஓடும் என்பது இக்கருதுகோள். சான்றாக அதன் ஆதரவாளர்கள் கபிலரைக் கூறுவர். குறிஞ்சித் திணையின் பெரும்புலவர், தம் இறுதி நாளைத் திருக்கோவிலூரில் தென்பெண்ணையின் நடுவே கழித்ததாகச் சொல்லப்படும் பாறை இன்றும் கபிலர் குன்று என்றே வழங்குகிறது. ஆகவே மலை ஏறினால் எழுத வரும் என்று முடிபு கட்டுவர்.

களநிலை வேறு. கச்சிராயப்பாளையத்தைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் எழுத்தாளர் ஜன்னலோரம் மாறுகிறார். கரியாலூரில் படகுத் துறை இருக்கிறது. பெரியார் அருவி, மேகம் அருவி என்று பார்க்க வேண்டியவை வரிசையாக நிற்கின்றன. வெள்ளிமலையில் மலைத்தேனும் கடுக்காயும் வாங்க வேண்டியிருக்கிறது. மாலையில் நோட்டைத் திறக்கும்போது மேகம் இறங்குகிறது. மேகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்ப்பவன் எழுத்தாளனாக இருக்கத் தகுதியற்றவன் என்று தோன்றி நோட்டு மூடப்படுகிறது.

கபிலர் விஷயத்திலும் இவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டு 261 அடி. அதில் 99 பூக்களின் பெயர் வரும். நம் ஆய்வுக்குட்பட்டோரிடம் இப்பணியைக் கொடுத்திருந்தால் முப்பதாவது பூவோடு தரவு சேகரிப்புக்காக மலையேறி, அங்கேயே நின்றிருப்பார்கள். கபிலர் முடித்தார். காரணம் மலையன்று. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது அது என்று மரபு கூறும். எதிரே ஒரு மாணாக்கன் காத்திருந்தான் என்பதே இதில் கொள்ளத்தக்கது.

மேலும், மலையில் வேலைகள் விரைந்து முடியும் என்பதற்கு வரலாற்றிலும் ஆதரவு இல்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. கல்வராயன் மலையின் மூன்று ஜாகீர்களும் அரசு வசம் வந்தது 1976இல். அத்தனை ஆண்டுத் தாமதத்தைச் சுமந்தவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். அவர்கள் முன் நாவல் தாமதமாவதைப் பற்றி நம்மவர் வாய் திறக்காதிருப்பது நலம்.

6. முடிந்தவை குறித்த சான்றுகள்

சமவெளியில் தேடினால் ஒரு வியப்பான சான்று கிடைக்கிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் என்று 2019 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 26இல் மாவட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. ஜனவரியில் சொன்னது டிசம்பருக்குள் முடிந்ததற்கு இவ்வட்டாரத்தில் ஆய்வாளருக்குக் கிட்டிய தெளிவான எடுத்துக்காட்டு இஃது ஒன்றே. மனுவைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம்வரை போய்க்கொண்டிருந்த மக்கள் இதற்காக நெடுநாள் காத்திருந்தனர் என்பதையும் உடன் குறித்துக்கொள்க.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. சிற்பப் பட்டறைகளில் யாரும் 'இந்த வருஷம் ஒரு நடராஜர்' என்று டைரியில் எழுதி வைப்பதில்லை. ஆர்டர் வருகிறது, அட்வான்ஸ் வருகிறது, வாங்குபவர் போன் செய்து 'எப்ப முடியும்?' என்கிறார். நடராஜர் ஆடத் தொடங்கிவிடுகிறார்.

தெருக்கூத்தும் அப்படியே. இரவு தொடங்கினால் விடியும்போது துரியோதனன் சாக வேண்டும். சனங்கள் பாய் விரித்து எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். 'மீதி அடுத்த வருஷம்' என்று சொல்லிவிட்டுக் கட்டையை அவிழ்க்கும் தைரியம் எந்த வாத்தியாருக்கும் இல்லை.

ஏட்டிலும் இதற்குச் சான்றுண்டு. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரரான வில்லிபுத்தூரார், பதினெட்டுப் பருவப் பாரதத்தைப் பத்துப் பருவத்தோடு, போர் முடிந்த கையோடு நிறுத்தினார். விட்டதை 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை நிறைத்தார். முடிக்காமல் விட்டால் யாராவது முடிப்பார்கள் என்று நம்மவர் இதை மேற்கோள் காட்டுவதுண்டு. வில்லியார் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடிவிட்டு நிறுத்தினார் என்பதை மேற்கோள் காட்டுவோர் விட்டுவிடுகின்றனர். முதல் பத்தியை நிறைத்துத் தர எந்த நல்லாப்பிள்ளையும் வரமாட்டார்.

உ.வே.சாமிநாதையரின் என் சரித்திரம் 1940இலிருந்து ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. 122 அத்தியாயங்களோடு நின்றது. 1942இல் ஐயர் காலமானதே காரணம். ஏற்கத்தக்க காரணமாக இவ்வாய்வு ஒப்புக்கொள்வது இதை மட்டுமே. ஜெயமோகன் 2014 ஜனவரியில் வெண்முரசைத் தொடங்கியபோது பத்தாண்டு ஆகும் என்றார். நாளுக்கோர் அத்தியாயமாக எழுதி 2020 ஜூலையில் 26 நாவல்களாக முடித்தார். திட்டமிடல் பிழையே இங்கு தலைகீழாகிவிட்டது. காலையில் அடுத்த அத்தியாயத்தைத் தேடி வாசகர் வந்துவிடுவர் என்பது தவிர வேறு மந்திரம் இதில் காணப்படவில்லை.

7. இடநெருக்கக் கோட்பாடு

மேற்கண்ட சான்றுகள் அனைத்தும் திருக்கோவிலூரில் வந்து கூடுகின்றன. மழை இரவு. இடைகழி ஒன்று. காஞ்சியிலிருந்து வந்த பொய்கையாழ்வார் முதலில் வந்து படுத்தார். கடல்மல்லைப் பூதத்தாழ்வார் வந்தார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று உட்கார்ந்தார்கள். மயிலைப் பேயாழ்வார் வந்தார். மூவர் நிற்கலாம் என்று நின்றார்கள். நான்காவதாக யாரோ புகுந்து நெருக்க, அது யார் என்று காண முதலிருவரும் பாட்டாலேயே விளக்கேற்றினார்கள். விளைவு: மூவருக்கும் நூறு நூறாக மூன்று திருவந்தாதிகள். அவர்களை நெருக்கியவர் பெருமாள் என்பது வைணவர் கொள்கை.

பக்தி உரைகாரர் கூறிய நயங்களை விடுத்து, ஆய்வு நோக்கில் காணத்தக்கவை மூன்று. ஒன்று, படுக்க இடம் இருந்தவரை ஒரு வெண்பாவும் பிறந்ததாகச் செய்தியில்லை. இரண்டு, உட்கார இடம் இருந்தபோதும் பேச்சுத்தான் நடந்தது. மூன்று, நிற்கவும் இடமின்றிப் போன பிறகே முந்நூறும் வந்தன. ஆகவே,

'எழுதுவோனுக்குக் கிடைக்கும் இடமும் காலமும் விரியும் அளவுக்கு எழுத்து சுருங்கும். பக்கத்தில் நெருக்கும் ஆள் கூடுமளவுக்கு எழுத்து வளரும்'

என்பதை இடநெருக்கக் கோட்பாடு எனக் கொள்க. ஆண்டு என்பது 365 அறை கொண்ட மாளிகை. ஒவ்வோர் அறையிலும் படுக்கலாம். அங்கே யாரும் வந்து கதவைத் தட்டுவதில்லை. இலக்கு வைத்தவனும், அதைக் கேட்பவனும், மன்னிப்பவனும் ஒருவனே.

8. பரிந்துரைகள்

இலக்கை ஆண்டால் அளத்தல் தவிர்க்கப்பட வேண்டும். கூத்தைப் போல ஓர் இரவால் அளக்கலாம். சிற்பத்தைப் போல ஓர் ஆர்டரால் அளக்கலாம். டைரியில் எழுதுவதைவிட, 'வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு அத்தியாயம் வாசிச்சுக் காட்டுறேன்' என்று சற்றும் இரக்கமில்லாத நண்பர் ஒருவரிடம் சொல்லிவிடுதல் நலம். நண்பரின் கடமை எளிது: வெள்ளிக்கிழமை வர வேண்டும். 'நாவல் எப்படிப் போவுது?' என்று கேட்டு முழுக் கதையையும் வாயாலே சொல்லவைக்கும் நண்பர்களே இம்மாவட்டத்தில் பல நாவல்களின் முடிவுக்குக் காரணம் என்பதால், 'சொல்லாத, படி' என்ற இரண்டு சொற்களை அவர்கள் பழகிக்கொள்ள வேண்டும்.

9. தடைவிடை

ஆழ்வார்களை நெருக்கியது பெருமாள். நம்மை நெருக்க யார் வருவார் என்பது இறுதித் தடை. அற்றன்று. கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் சந்தை நாளன்று ஏறிப் பார்க்க. மூவர் சீட்டில் நால்வர் இருப்பர். ஐந்தாமவர் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு வந்து, 'கொஞ்சம் தள்ளுப்பா' என்பார். நெருக்கத்துக்கான ஏற்பாட்டை அரசுப் போக்குவரத்துக் கழகம் செம்மையாகவே செய்து தந்திருக்கிறது. வெண்பாவுக்கு மட்டும் பயணிகளே பொறுப்பு.