ஒல்லாந்து வினைச்சொல்லின் இருப்பிடம்: வாவிக்கரையிலிருந்து ஓர் ஆய்வு

ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து பறித்தது 1638 மே மாதம். ஆங்கிலேயர் வந்து அவர்களைக் கிளப்பியது 1795இல். இடையில் கோட்டை கைமாறிக் கிடந்த ஆண்டுகளைக் கழித்தாலும், நூறு ஆண்டுக்கு மேல் கோட்டை நிற்கும் புளியந்தீவில் குந்தியிருந்தவர்கள் நம் வாயில் விட்டுப்போன சொற்களை எண்ணினால் கந்தோர், கக்கூசு, நொத்தாரிசு, போஞ்சி, லாச்சி என்று வரிசை போகிறது. லாச்சியின் கடைசி 'ச்சி' ஒல்லாந்தர் எதையும் சின்னதாக்கிச் செல்லம் கொஞ்சும் விகுதி. நாமோ அலுமாரியின் ஆகப் பெரிய இழுப்பறையையும் லாச்சி என்றே இழுக்கிறோம். நிற்க. இந்த வரிசையில் வினைச்சொல் ஒன்றுகூட இல்லை. கடன் வாங்குகிறவர்கள் எங்கேயும் பெயர்ச்சொல்லைத்தான் முதலில் வாங்குவார்கள், இதில் என்ன புதுமை என்று மொழியியலார் கேட்பர். அது சாதாரண விளக்கம். சாதாரண விளக்கங்களை ஏற்பது ஆய்வுக்கு அழகல்ல. வினையை எங்கே வைப்பதென்று ஒல்லாந்தருக்கே ஒரு நிலை இல்லாததால்தான் அதை இங்கே வைத்துவிட்டுப் போக முடியவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

இது வெறும் பழங்கதை அல்ல. நெதர்லாந்தில் இருக்கும் கணவனிடம் போய்ச் சேர நினைக்கும் ஆரையம்பதிப் பெண், 2006 முதல், புறப்படுவதற்கு முன்பே அந்நாட்டுத் தூதரகத்தில் டச்சு மொழிப் பரீட்சையில் தேற வேண்டும். அவள் படிக்கும் முதல் வாக்கியங்களில் ஒன்று இப்படி இருக்கும்: 'ஸெய் ஹாட் மோர்கன் மெட் டெ பஸ் நார் காத்தான்குடி'. சொல்லுக்குச் சொல் வைத்தால், அவள் போகிறாள் நாளைக்குப் பஸ்ஸில் காத்தான்குடிக்கு. அந்தப் 'போகிறாள்' ஒன்றைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். எப்போது, எதில், எங்கே என்ற அடுக்கு அப்படியே நம்முடையது. வினை மட்டும் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் மாதிரி இரண்டாம் ஆசனத்தை விடாது. 'மோர்கன்' முன்னால் வந்து ஏறிக்கொண்டால் 'ஹாட்' அசையாமல் உட்கார்ந்திருக்க, 'ஸெய்' பின்னால் தள்ளப்படுகிறாள். ஆனால் வாக்கியத்தின் தலையில் 'ஏனென்றால்' எனும் பொருளில் 'ஒம்டட்' வந்ததும் அந்த வீம்பெல்லாம் போய்விடுகிறது: 'ஒம்டட் ஸெய் மோர்கன் மெட் டெ பஸ் நார் காத்தான்குடி ஹாட்'. அவள் நாளைக்குப் பஸ்ஸில் காத்தான்குடிக்குப் போவதால். வினை கடைசியில், நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்துவிட்டது. 'சாப்பிட்டிருக்கிறேன்' என்பதையும் துணைவாக்கியத்தில் 'ஹெஹேட்டன் ஹெப்' என்று, சாப்பிட்டு முன்னும் இருக்கிறேன் பின்னுமாக, நம் முறைப்படியே சொல்ல அம்மொழி இடம் கொடுக்கிறது. ஆகவே மட்டக்களப்பார் டச்சு படிக்கத் தொடங்க வேண்டிய இடம் முதல் பாடம் அல்ல. காரணம் சொல்லும் பாடம்.

துணைவாக்கியத்தை முதலில் படித்தால் தலைவாக்கியத்துக்கு எங்கே போவது என்பது முதல் மறுப்பு. போக வேண்டியதில்லை. 'ஏன் வரவில்லை?' என்ற கேள்விக்கு 'ஒம்டட்' தொடர் ஒன்றையே பதிலாகச் சொல்லலாம். டச்சுக்காரர் தாமும் பேச்சில் அப்படித்தான் சொல்வர். 'போவதால்' என்பதன் 'ஆல்' நமக்கு வாலில், 'ஒம்டட்' அவர்களுக்குத் தலையில் என்பது இரண்டாவது மறுப்பு. மெய்தான், அந்த ஒரு சொல்லைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது மறுப்பு கனமானது: ஐரோப்பிய வினை தமிழ் வழிக்கு வரும் என்பது வெறும் ஆசை என்பர். அதற்குச் சாட்சி இதே ஊரில் இருக்கிறது. மட்டக்களப்புப் பறங்கியர் பேசும் போர்த்துக்கீசக் கிரியோல் மொழியில், லிஸ்பனில் வாக்கியத்தின் நடுவே நிற்கும் வினை, தமிழ் அயலோடு தலைமுறை தலைமுறையாகப் புழங்கியதில் வாக்கியக் கடைசிக்குப் போய்விட்டது. ஒல்லாந்து மொழிக்கு அவ்வளவு தூரம்கூடப் பயணம் இல்லை. பாதி வழி தானாகவே வந்து நிற்கிறது.

பின் ஏன் ஒல்லாந்தர் அந்தப் பாதியை இங்கே காட்டாமல் மறைத்தனர்? கோட்டை விழுந்த சில நாட்களில், அதே மட்டக்களப்பில், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு அவர்கள் செய்த உடன்படிக்கை ஒரு தடயம் தருகிறது. பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்துக் காவற்படை இருக்கலாம், 'அரசர் விரும்பினால்' என்று மன்னனுக்குக் கொடுத்த போர்த்துக்கீசப் பிரதியில் இருந்தது. ஒல்லாந்துப் பிரதியில் அந்த ஒரு துணைவாக்கியத்தை மட்டும் காணோம்.